வரவேற்புக்கு எந்த வகை இடம் எடுப்பது? பெரிய ஹால், ஹோட்டல், புல்வெளி என்று மூன்றுக்கும் நடுவில் நிற்கிறோம்

நீலக்குடை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருக்கிறது. கல்யாணம் நெருங்கிய சொந்தங்களோடு சின்னதாக நடக்கும், அதில் எந்தக் குழப்பமும் இல்லை. வரவேற்புதான் தலைவலியாக இருக்கிறது. ஐந்து மாதம் கையில் இருக்கிறது, இரண்டு வீட்டுப் பட்டியலையும் சேர்த்தால் 260 பேர் வருகிறார்கள், இடம் மட்டும் முடிவாகவில்லை.

இதுவரை மூன்று இடம் பார்த்தோம். ஒன்று பெரிய ஹால், 600 பேர் உட்காரலாம் என்றார்கள். இரண்டாவது ஒரு ஹோட்டலின் முதல் மாடி ஹால், 300 பேர் என்று சொன்னார்கள், பார்க்க அழகாக இருக்கிறது, வேலையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மூன்றாவது திறந்த புல்வெளி. கணவராக வரப்போகிறவருக்குப் புல்வெளிதான் பிடித்திருக்கிறது, சாயங்கால வெளிச்சத்தில் நடந்து பார்த்ததிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு ஹோட்டல். அப்பா அம்மாவுக்குப் பெரிய ஹால், ஆட்கள் கூடினாலும் பயம் இல்லை என்கிறார்கள். நண்பர் ஒருவர், ஒரு ரெஸ்டாரன்ட்டை முழுசாக எடுத்துக்கொள் என்று நாலாவதாக ஒன்றைச் சொல்லி இன்னும் குழப்பிவிட்டார்.

இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் பாட்டி சக்கர நாற்காலியில்தான் வருவார். மாமா, அதாவது கணவராக வரப்போகிறவரின் அப்பா, காது மெஷின் வைத்திருக்கிறார், கூட்டத்தில் பேச்சு புரியாமல் ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். இந்த இரண்டு பேரும் அன்று சந்தோஷமாக இருக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியம்.

எந்த இடம் என்று கேட்கவில்லை, எந்த வகை இடம் எங்களுக்குச் சரிவரும், எதை வைத்து முடிவெடுப்பது என்றுதான் கேட்கிறேன். நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மேடைப்பணி:

வாழ்த்துகள் தங்கச்சி. பதினாலு வருஷமாக விழா ஏற்பாட்டு வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 600, 300 என்ற எண்களை அப்படியே மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் நாற்காலியை வரிசையாகப் போட்டால் வருகிற கணக்கு, சில இடங்களில் நின்றுகொண்டிருக்கிற கூட்டத்தின் கணக்கு. உங்கள் ஆட்கள் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிட வேண்டும் என்றால் கணக்கே வேறு. 5 அடி விட்டமுள்ள வட்ட மேசையில் 8 பேர் தாராளமாக உட்காரலாம். அந்த மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவில் 5 அடியாவது விட வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்த பிறகும் பரிமாறுகிறவர் நடுவில் போக முடியும். ஆக ஒரு மேசைக்கு 10 அடிக்கு 10 அடி, 100 சதுர அடி போய்விடும். 260 பேருக்கு 33 மேசை, அதற்கே 3,300 சதுர அடி. மேடை, அதன் முன்னால் ஆட்கள் நிற்க இடம், சாப்பாட்டு வரிசை, பிள்ளைகள் ஓட ஒரு மூலை எல்லாம் சேர்த்தால் 4,500க்குக் குறைந்து நான் எடுக்கவே மாட்டேன். அந்த ஹோட்டலில் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: வட்ட மேசையும் மேடையும் பஃபேயும் போட்டால் எத்தனை பேர்? எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதே சமயம் பெரிய இடம் எடுத்தால் பத்திரம் என்று அப்பா அம்மா நினைப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 600 பேர் ஹாலில் 260 பேர் உட்கார்ந்தால் எல்லோரும் சுவர் ஓரத்துக்குப் போய்விடுவார்கள், நடுவில் வெறும் தரை கிடக்கும். முக்கால் மணி நேரம் கழித்து வருகிறவர், கூட்டமே வரவில்லையோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே நுழைவார். திரை கட்டிப் பாதி ஹாலை மறைக்கலாம், நாங்கள் செய்திருக்கிறோம், ஆனால் அது நடுவில் கட்டிய திரை என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று, யாரும் பார்க்காமல் விடுவது. ஹாலைப் பார்க்கப் போகும்போது அது காலியாக இருக்கும், ஏசி ஜில்லென்று இருக்கும், ஆகா என்று வந்துவிடுவோம். ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே சுமார் 100 வாட் சூட்டை வெளியே விடுகிறார். 260 பேர் என்றால் 26,000 வாட். ஒரு டன் ஏசி 3,500 வாட் அளவு சூட்டைத்தான் இழுக்கும், அப்படியென்றால் ஆட்களின் உடம்புச் சூட்டுக்கு மட்டுமே ஏழரை டன் வேண்டும். மேடை விளக்கு, சாப்பாட்டுச் சூடு, வெளியே இருந்து வருகிற காற்று இவையெல்லாம் தனி. அதனால் வேறு யாராவது விழா வைத்திருக்கிற நாளில், கூட்டம் உள்ளே இருக்கிற நேரமாகப் பார்த்து, வாசலில் ஐந்து நிமிஷம் நிற்க அனுமதி கேளுங்கள். பத்து முறை காலி ஹாலைப் பார்ப்பதைவிட அந்த ஐந்து நிமிஷம் உதவும்.

வகை என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் 260 பேருக்கு, இப்படி இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு, தரைத்தளத்தில் இருக்கிற நடுத்தர ஹால், பக்கத்தில் கொஞ்சம் திறந்த இடமும் இருந்தால், அதுதான் சரி. உங்கள் மூன்றிலும் அது இல்லை. இன்னும் கொஞ்சம் தேடுங்கள்.

வெள்ளைத்தாள்:

ரெஸ்டாரன்ட் யோசனையை அப்படியே தள்ளிவிடாதீர்கள். எங்கள் வரவேற்பை அப்படித்தான் வைத்தோம், 70 பேர். சமையலறை அங்கேயே இருப்பதால் எல்லாம் சூடாக மேசைக்கு வந்தது. அலங்காரத்துக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை, அது ஏற்கெனவே அழகான இடம். ஒவ்வொருத்தரோடும் பேச முடிந்தது. 260 பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டுமா என்று ஒரு முறை இருவரும் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாமே? பட்டியல் 90க்கு வந்தால் இடம் பற்றிய பாதிக் குழப்பம் தானாகவே போய்விடும்.

மேடைப்பணி:

வெள்ளைத்தாள் சொல்வது 100 பேருக்குள் ரொம்பச் சரி. அதைத் தாண்டினால் ரெஸ்டாரன்ட் கஷ்டம், தூண், தடுப்பு, தனித்தனி அறை என்று கூட்டம் பிரிந்துவிடும். ஒரு அறையில் பேசுவது இன்னொரு அறைக்குத் தெரியாது. பட்டியலைக் குறைக்கச் சொல்வது அவர்கள் வீட்டு விஷயம், அதில் நான் வரவில்லை.

மரச்செவி:

ஒலி அமைப்பு என் தொழில். காது மெஷின் வைத்திருக்கிற மாமாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் இடம் பார்க்கப் போகிறவர்கள் கண்ணை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

பளிங்குத் தரை, கண்ணாடிச் சுவர், உயரமான கூரை, இந்த மூன்றும் சேர்ந்த ஹால் படத்தில் பிரமாதமாக இருக்கும். உள்ளே 200 பேர் பேச ஆரம்பித்ததும் இரைச்சல் குழம்பாகக் கொதிக்கும். சத்தம் எதிலும் உறிஞ்சப்படாமல் திரும்பித் திரும்பி வருகிறது, பக்கத்து மேசை சத்தத்தைத் தாண்ட நீங்கள் குரலை உயர்த்துகிறீர்கள், உங்களைத் தாண்ட அவர்கள் உயர்த்துகிறார்கள். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவதை 1911இல் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக் காட்டினார், இன்றும் அவர் பெயரால்தான் அதைச் சொல்கிறார்கள். காது மெஷின் பேச்சைப் பெரிதாக்கும்போது அந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். உங்கள் மாமா ஒதுங்கி உட்காருவதற்குக் காரணம் அதுதான், கூட்டம் பிடிக்காமல் இல்லை.

இடம் பார்க்கப் போகும்போது ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் நல்லது. ஒரு வாலோடு இழுத்துக்கொண்டு போனால், அல்லது சுவருக்குச் சுவர் படபடவென்று அடித்தால், அன்று இரவு பேச்சு புரியாது. கனமான திரை, தரை விரிப்பு, மெத்தை வைத்த நாற்காலி இதெல்லாம் இருக்கிற ஹால் அதனால்தான் அமைதியாகத் தெரியும். 1895இல் ஹார்வர்டில் ஒரு சொற்பொழிவு அறையில் பேசுவது புரியவில்லை என்று வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்து அரங்கிலிருந்து நாற்காலி மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கிக்கொண்டு வந்து அறையில் அடுக்கி, சத்தம் அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார், விடிவதற்குள் மெத்தையைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தார். கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் எழுந்தது. அந்த மெத்தை வேலையைத்தான் உங்கள் ஹாலில் திரையும் விரிப்பும் செய்கின்றன.

திறந்த வெளியில் எதிரொலி கிடையாது, அது மாமாவுக்கு ரொம்ப நல்லது. ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கிவிடும். அதனால் முன் வரிசைக்குக் காது கிழியும், பின் வரிசைக்கு ஒன்றும் கேட்காது. இரண்டு பெரிய ஸ்பீக்கரை மேடையில் வைக்கிறவரை விட்டுவிட்டு, ஆறு சின்ன ஸ்பீக்கரைச் சுற்றிலும் வைத்துத் தாழ்வான சத்தத்தில் ஓட விடுகிறவரைப் பிடியுங்கள். ஹாலானாலும் அதேதான். மாமாவின் மேசை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளி, முதுகுப் பக்கம் திரையோ சுவர் விரிப்போ இருக்கிற மாதிரி அமையட்டும், பேசுகிறவர் முகத்தில் வெளிச்சம் விழட்டும், ஏனென்றால் காது கேட்காதவர்கள் உதட்டையும் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

பனித்துளி:

நாங்கள் புல்வெளியில் வைத்தோம், ஒரு வருஷத்துக்கு முன்னால், 220 பேர். அவர் ஏன் அந்தச் சாயங்கால வெளிச்சத்தையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிகிறது. சூரியன் இறங்குவதற்கு முன்னால் இருக்கிற அந்த முக்கால் மணி நேரத்தில் எடுத்த படங்களில் என் அம்மா சிரிக்கிற மாதிரி வேறு எந்தப் படத்திலும் சிரித்ததில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், யாரும் யாரையும் அதட்டவில்லை. எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும், அதை மறைக்காமல் சொல்கிறேன்.

ஹால் என்றால் சுவர், கூரை, மின்சாரம், கழிப்பறை எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. புல்வெளியில் நீங்கள் ஒரு கட்டடத்தையே ஒரு நாளைக்குக் கட்டுகிறீர்கள். ஜெனரேட்டர் வர வேண்டும், அது தூரத்தில் நிற்க வேண்டும், கேபிள் மேல் யாரும் தடுக்கி விழாமல் மூட வேண்டும். வாசலிலிருந்து கடைசி மேசை வரைக்கும், அப்புறம் வண்டி நிற்கிற இடம் வரைக்கும் விளக்கு வேண்டும், வரும்போது வெளிச்சமாக இருந்த பாதை திரும்பிப் போகும்போது கும்மிருட்டாக இருக்கும். விளக்கும் மஞ்சள் நிறமாகப் போடச் சொல்லுங்கள், வெள்ளையும் நீலமும் கலந்த விளக்குக்குத்தான் பூச்சி கூட்டமாக வரும்.

மழை வந்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள், நாங்களும் கேட்டோம், பக்கத்தில் ஒரு கூடம் இருக்கிறது என்றார்கள், சரி என்று விட்டுவிட்டோம். விழாவுக்கு நாலு நாள் முன்னால்தான் அந்தக் கூடத்தை அளந்து பார்த்தேன், 80 பேர் நின்றாலே மூச்சு முட்டும். மழை வரவில்லை, தப்பித்தோம். மாற்று இடம் என்றால் அதே 260 பேரும் அதே மேசையோடு உட்கார வேண்டும், இல்லையென்றால் அது மாற்று இடம் இல்லை. எந்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும், யார் முடிவெடுப்பது என்பதையும் முன்னாலேயே பேசி வையுங்கள். மேகத்தைப் பார்த்துக்கொண்டு அவர் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொல்ல, அந்த நாளில் அது வேண்டாம்.

மழை வராவிட்டாலும் பனி வந்தது. இருட்டியதும் நாற்காலி, மேசை விரிப்பு, தட்டு எல்லாவற்றிலும் ஈரம். இதைப் பற்றி ஒருவர்கூட எங்களிடம் சொல்லியிருக்கவில்லை. பெரியவர்கள் கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துத் துடைத்து உட்கார்ந்தார்கள், எட்டரை மணிக்கே கிளம்பிவிட்டார்கள். சாப்பிடுகிற இடத்துக்கு மட்டுமாவது மேலே துணிக் கூரை போட்டிருக்கலாம்.

பாட்டி விஷயம்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. எங்கள் பெரியம்மாவும் சக்கர நாற்காலியில் வந்தார். முன் சக்கரம் இரண்டும் சின்னது, காலையில் தண்ணீர் விட்ட புல்லில் அது அப்படியே புதைந்தது. இரண்டு தம்பிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள், பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம்தான் எங்கிருந்தோ பிளைவுட் பலகைகளைக் கொண்டுவந்து பாதை போட்டோம். புல்வெளிதான் என்று முடிவானால், வாசலிலிருந்து பாட்டியின் மேசை வரைக்கும், அங்கிருந்து கழிப்பறை வரைக்கும் கெட்டியான பாதைக்கு முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். விழாவுக்கு முந்தைய இரண்டு நாளைக்குப் புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கிழக்குத்திண்ணை:

என் அம்மா பதினோரு வருஷமாகச் சக்கர நாற்காலியில். எத்தனையோ விழாக்களுக்கு அழைத்துப் போயிருக்கிறேன், அதனால் ஒரு விஷயம் மட்டும் எழுதுகிறேன்.

சக்கர நாற்காலி போகுமா என்று கேட்டால் எல்லா இடத்திலும் போகும் என்றுதான் சொல்வார்கள். எந்த வழியாகப் போகும் என்று கேளுங்கள். ஒரு உறவினர் வரவேற்பு, மாடி ஹால், நல்ல பெரிய இடம். லிஃப்ட் இருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் விருந்தினர் லிஃப்டில் நாற்காலி திரும்பவே இடம் இல்லை. சாமான் ஏற்றுகிற லிஃப்டுக்குக் கூட்டிப் போனார்கள். அது திறந்த இடம் சமையலறை. அம்மா நல்ல பட்டுப்புடவையில், தலையில் பூ வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற இடத்தைத் தாண்டி, ஈரத் தரையில், வேலை செய்கிறவர்கள் சுவரோடு ஒட்டி வழி விட, பின்கதவு வழியாக ஹாலுக்குள் வந்தார். வாசலில் எல்லோரையும் வரவேற்க நின்றவர்களுக்கு அம்மா வந்ததே தெரியாது. யாரும் தப்பாக நடக்கவில்லை, எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் அம்மா அன்று முழுக்க அதிகம் பேசவில்லை. அதற்கப்புறம் இரண்டு விழாவுக்கு முட்டி வலி என்று சொல்லி வரவில்லை.

அதனால் இப்போதெல்லாம் நான் அளவு நாடாவோடு போகிறேன். கதவு திறந்த பிறகு கிடைக்கிற வழி 32 அங்குலம் இருக்க வேண்டும், ஹால் கதவு மட்டும் இல்லை, கழிப்பறைக் கதவும்தான், பெரும்பாலும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். சரிவுப் பாதை ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் பின்னால் தள்ளுகிறவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் பயம் இல்லாமல் இருக்கும். நாலு படி என்றால் சுமார் 2 அடி, அதற்கு 24 அடி சரிவு வேண்டும். பலகையைச் சாய்த்துப் போட்டு இதோ ரேம்ப் என்று காட்டுவார்கள், அதில் ஏற்றிப் பார்த்தால் நாற்காலி பின்னால் சாயும். மேடையையும் பாருங்கள். பாட்டி உங்கள் பக்கத்தில் வந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார், மேடைக்கு மூன்று படி இருந்தால் அவர் கீழேயே இருந்துவிடுவார்.

முடிந்தால் பாட்டியையே ஒரு நாள் அழைத்துப் போய்ப் பாருங்கள். அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

நீலக்குடை:

ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று முறை படித்தோம், அவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து. கிழக்குத்திண்ணை எழுதியதைப் படித்துவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன், அம்மா படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

இன்று ஹோட்டலில் கேட்டேன். வட்ட மேசை, மேடை, பஃபே எல்லாம் போட்டால் எத்தனை என்று கேட்டதும் மேனேஜர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 180 என்றார். லிஃப்டில் நாற்காலி நேராக உள்ளே போகிறது, ஆனால் கூட ஒருவர் நிற்க இடம் இல்லை. ஆக ஹோட்டல் இல்லை. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சரி.

இன்னொரு சந்தேகம். மேடையில் நாங்கள் நிற்க, எல்லோரும் வரிசையில் வந்து வாழ்த்திப் படம் எடுத்துக்கொள்வதுதான் அப்பாவின் திட்டம். மேடை பெரிதாக இருக்கிற இடமாகப் பார் என்கிறார். இதற்கும் இடத்தின் வகைக்கும் சம்பந்தம் உண்டா?

மேடைப்பணி:

நிறையச் சம்பந்தம் உண்டு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 260 பேர், சராசரி நாலு பேராக மேடை ஏறுகிறார்கள் என்றால் 65 குழு. ஏறி, வாழ்த்திப் பேசி, நின்று, படம் எடுத்து, இறங்க ஒன்றரை நிமிஷம் பிடிக்கும், பெரியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட 100 நிமிஷம். அவ்வளவு நேரமும் நடு வழியில் ஒரு வரிசை நிற்கும், நிற்க முடியாதவர்கள் வரிசை குறையட்டும் என்று காத்திருந்து காத்திருந்து கடைசியில் வருவார்கள்.

இன்னொரு முறையும் இருக்கிறது. நீங்கள் இருவரும் மேசை மேசையாகப் போவது. 33 மேசை, மேசைக்கு 3 நிமிஷம், அதுவும் கிட்டத்தட்ட 100 நிமிஷம்தான். உங்களுக்கு நேரம் மிச்சமாகாது, கால் வலியும் அதேதான். ஆனால் விருந்தினர் யாரும் நிற்க வேண்டியதில்லை, பாட்டி படி ஏற வேண்டியதில்லை, மாமாவின் பக்கத்தில் குனிந்து நீங்கள் பேசினால் அவருக்குக் கேட்கும். இதைச் செய்ய அகலமான நடைபாதை விட்டு மேசை போட முடிகிற அகலமான ஹால் வேண்டும். நீளமான, ஒடுக்கமான, ஒரு முனையில் பெரிய மேடை வைத்த ஹால் வரிசை முறைக்கென்றே கட்டியது, அதில் இது நடக்காது. அப்பாவுக்காக மேடையும் வேண்டும் என்றால் அரை அடி உயரத்தில் தாழ்வான மேடை, பக்கவாட்டில் 6 அடி சரிவு போதும், முதல் அரை மணி நேரம் நெருங்கிய சொந்தங்களோடு அங்கே படம், அப்புறம் இறங்கி நடக்கலாம். பலருக்கு இப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம்.

சாப்பாட்டுக்கும் ஒரு வார்த்தை. நூறு பேருக்கு ஒரு பஃபே வரிசை, இரண்டு பக்கமும் எடுக்கிற மாதிரி. உங்களுக்கு மூன்று வேண்டும், அதுவும் ஒரே சுவரில் ஒட்டி இல்லாமல் தனித்தனி மூலைகளில். இடம் பார்க்கும்போதே அந்த மூன்றும் எங்கே நிற்கும் என்று காலால் அளந்து பாருங்கள்.

சாவிக்கொத்து:

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், ஹால் எந்த மணிக்கு உங்கள் கைக்கு வரும், எந்த மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா பாருங்கள். எங்களுக்கு ஆறு மணி நேரம் என்று சொன்னார்கள், அலங்காரம் செய்கிற நேரமும் பிரிக்கிற நேரமும் அந்த ஆறுக்குள்தான் என்பது பணம் கட்டிய பிறகுதான் தெரிந்தது. மத்தியானம் அதே ஹாலில் வேறு விழா, அவர்கள் கிளம்பத் தாமதம், எங்கள் பூக்காரர் வாசலில் கூடையோடு ஒன்றரை மணி நேரம் நின்றார், பூவெல்லாம் துவண்டுவிட்டது. வெளியிலிருந்து சமையல்காரர், ஒலி அமைப்பாளர் வரலாமா, பாட்டு எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், குறைந்தது இத்தனை பேருக்குக் காசு என்று ஏதாவது இருக்கிறதா, தேதி மாறினால் முன்பணம் என்ன ஆகும், எல்லாம் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்ன மேனேஜர் உங்கள் விழாவன்று விடுப்பில் இருப்பார்.

அப்புறம் அவசர வழிக் கதவுகளைத் தள்ளிப் பாருங்கள். பூட்டு போட்டிருந்தாலோ, பின்னால் நாற்காலி அடுக்கியிருந்தாலோ, நான் அந்த இடத்தை எடுக்க மாட்டேன்.

நீலக்குடை:

முடிவு செய்துவிட்டோம், உங்களிடம் சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை.

நாலாவதாக ஒரு இடம் கிடைத்தது. தரைத்தளம், சதுரமான ஹால், 4,800 சதுர அடி, ஒரு பக்கம் முழுக்கக் கதவுகள், திறந்தால் கல் பாவிய முற்றம், அதைத் தாண்டிக் கொஞ்சம் புல். சூரியன் இறங்குகிற பக்கம் அது. அவர் முற்றத்தில் நின்று வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, படம் இங்கேதான் என்று சொல்லிவிட்டார். மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் உள்ளே இருக்கலாம், தேடி ஓட வேண்டியதில்லை. நடுவில் நின்று கைதட்டினேன், சத்தம் கொஞ்சம் இழுத்தது. திரை போட்டுத் தருகிறோம் என்றார்கள், அதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம். நேரமும் எழுதி வாங்கினோம். பூக்காரருக்கு மதியம் பன்னிரண்டு மணியிலிருந்து ஹால் எங்கள் கையில்.

பாட்டியை நேற்று அழைத்துப் போனோம். முன்வாசலில் ஒரே ஒரு படி, பக்கத்தில் நீளமான சரிவு, அப்பாதான் தள்ளிக்கொண்டு போனார். கதவை அளந்தோம், 36 அங்குலம். பாட்டி ஹாலைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிட்டு, என்னை எங்கே உட்கார வைக்கப் போகிறாய் என்று கேட்டார். மேடைக்குப் பக்கத்தில் என்று சொன்னேன். அதெல்லாம் வேண்டாம், வாசலுக்கு நேராகப் போடு, யார் யார் வருகிறார்கள் என்று நான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். ஹால்காரர் சாக்பீஸ் கொண்டுவந்து கொடுத்தார், பாட்டி கை காட்டின இடத்தில் தரையில் ஒரு வட்டம் போட்டு, 1 என்று எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.